காலை உணவும் ஆங்கில இலக்கணமும்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகளைப் பெற்றோர் ‘இஃப் கிளாஸ்’ என்னும் சொல்லைத் தம் இல்லத்தில் ஒருமுறையேனும் கேட்டிருப்பர். ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்று நிகழும் என்று கூறும் ஆங்கில வாக்கியங்களைப் பற்றிய இலக்கணப் பகுதி அது. முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று கரும்பலகையில் மூன்று கட்டங்களை வரைந்து, எவ்விடத்தில் எந்த வினை வரவேண்டும் என்று மனப்பாடம் செய்வித்துவிடுகிறோம். எடுத்துக்காட்டுகளும் தலைமுறை தலைமுறையாக மாறுவதில்லை. நான் பறவையாயிருந்தால் பறப்பேன். நான் பிரதமராயிருந்தால் வறுமையை ஒழிப்பேன். பறவையாகும் எண்ணம் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இல்லை. தேர்வில் மதிப்பெண் மட்டும் கிடைத்துவிடும். மறுவாரமே ‘இஃப் இட் வில் ரெயின், ஐ வில் நாட் கம்’ என்று இரண்டிடத்தும் ‘வில்’ சேர்த்து எழுதுவர்.

நானும் பல ஆண்டுகள் இவ்வாறே கற்பித்தவள்தான். பின்னர் ஓர் ஆண்டு, பறவையையும் பிரதமரையும் விட்டுவிட்டு, மாணவ மாணவியரின் சொந்த உடலையே பாடப்பொருளாக எடுத்துக்கொண்டேன். உடலைப் போல் காரணத்தையும் விளைவையும் உடனுக்குடன் காட்டும் பொருள் வேறு எது?

முதல் நாள் வகுப்பறையில் ஒவ்வொருவரும் தம் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிகள் நாடித் துடிப்பை எண்ணி, அதனை நான்கால் பெருக்கி எழுதினர். பிறகு மைதானத்தை இருமுறை ஓடிச் சுற்றி வந்து மீண்டும் எண்ணினர். எண்பது என்று எழுதியவர் நூற்று நாற்பது, நூற்று ஐம்பது என்று கூவினர். மூச்சிரைப்பு அடங்குமுன் பலகையில் எழுதினேன்: ‘இஃப் வி ரன், அவர் ஹார்ட்ஸ் பீட் ஃபாஸ்டர்.’ எப்போதும் நிகழும் உண்மையாதலால் இரண்டிடத்தும் நிகழ்காலம். ‘வில்’ என்பதற்கு இங்கே வேலையில்லை. அதனை விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

நம் தாய்மொழி இப்பாடத்திற்குப் பகையன்று, துணையே. ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். நாளை என்பது எதிர்காலம். ஆயினும் ‘பெய்தால்’ என்னும் சொல்லினுள்ளே இருப்பதோ இறந்தகாலத்திற்குரிய ‘த்’. எனவே இனி நடப்பதைக் கூறவும் ஆங்கிலம் சில வேளை இறந்தகால வினையைக் கையாள்கிறது என்றால் தமிழ்ப் பிள்ளை திகைக்கவேண்டியதில்லை. மிகக் கடினம் என்று அஞ்சப்படும் மூன்றாம் வகையோ இன்னும் எளிது. ‘நன்றாகத் தூங்கியிருந்தால் நன்றாக ஓடியிருப்பேன்’ என்பதில் வரும் இரண்டு ‘இரு’க்களின் இடத்தில் ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ என்பவற்றை வைத்தால் போதும்.

உண்மையான இடர்ப்பாடு முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையில்தான் இருக்கிறது. ‘காலையில் உண்டால் நன்றாக ஓடுவேன்’ என்பது தமிழில் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரியும். ‘இஃப் ஐ ஈட்’ என்று தொடங்கினால் உண்ணக்கூடும் என்பது பொருள். ‘இஃப் ஐ ஏட்’ என்று தொடங்கி ‘வுட்’ சேர்த்து முடித்தால், நான் உண்பதில்லை, அல்லது உண்ணும் வாய்ப்பு அரிது என்பது பொருள். பேசுபவர் எதனை நம்புகிறார், எதனை நம்பவில்லை என்பதை ஆங்கிலம் வினைச்சொல்லிலேயே கேட்டு வாங்கிவிடுகிறது.

இதனைப் பழக்குவதற்காக நலவாழ்வுச் செய்திகள் சிலவற்றைக் கொடுத்தேன். 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடல் வருந்த ஓடியாடவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் கூறியுள்ளது. வளரிளம் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பர் மருத்துவர். உணவோடு தேநீர் பருகினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்கனியோ சேர்த்தால் கூடும். இவற்றுள் தமக்கு இயலுவதை முதல் வகையிலும், இயலாததை இரண்டாம் வகையிலும் எழுதுமாறு கூறினேன். தூக்கத்தைப் பற்றி வகுப்பில் பெரும்பாலோர் இரண்டாம் வகையிலேயே எழுதியிருந்தனர். கைப்பேசியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஒரு மாணவியின் ஏட்டில் காலை உணவைப் பற்றிய வாக்கியம் இரண்டாம் வகையில் இருந்தது. காலையில் உண்பது இயலாத செயலா என்று எண்ணி, சிவப்பு மையால் அதனை முதல் வகையாகத் திருத்திக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவள் ஏட்டை எடுத்துவந்து, “இல்லை டீச்சர், நான் எழுதினதுதான் சரி” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். தாய் மீன் வாங்கி விற்பவர். விடியுமுன் நான்கு மணிக்கே கடற்கரைக்குப் போய்விடுவார். இவள் தம்பியை ஆயத்தப்படுத்தி, ஆறரை மணிப் பேருந்தைப் பிடிப்பாள். நண்பகல் வரை வெறும் தேநீர்தான். தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கென ஏற்பட்டது. தம்பி அதனால் பயன் பெற்றான், அக்காள் பெறவில்லை. நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தச்சோகை உடையவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கண்டதை நானும் படித்திருந்தேன். படித்து என்ன பயன்? என் வகுப்பின் மூன்றாம் வரிசையில் இருந்தவளை ஓர் இலக்கணப் பிழையாகவே பார்த்தேன்.

தாயை வரவழைத்துப் பேசினேன். குற்றம் சாட்டப்போகிறேன் என்று அஞ்சி வந்த அவர், இரவே சோற்றில் நீர் ஊற்றி, தூக்குச் சட்டியில் வைத்துவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்டார். காலையில் அடுப்பு மூட்டவேண்டியதில்லை. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்டு வரலாம்.

இவ்வாறு கற்பிக்க விழையும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இரண்டு எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். உடல் எடையைப் பாடமாக்காதீர்கள். ‘நீ இளைத்தால் அழகாக இருப்பாய்’ என்னும் வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும். அதைக் கேட்ட சிறுமி பல ஆண்டுகள் அதனை மறக்கமாட்டாள். மூன்றாம் வகைக்கோ தோற்றுப்போன கால்பந்துப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நோயையும் சாவையும் எடுக்காதீர்கள். ‘முன்பே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்’ என்பதைத் துக்க வீட்டில் போதுமான அளவு கேட்டுவிட்ட பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

அந்த மாணவி மறு வாரமே தன் வாக்கியத்தை முதல் வகைக்கு மாற்றி எழுதினாள். அந்த ஆண்டு முழுவதும், ஒவ்வொரு திங்களன்றும் எழுதும் ஐந்து வாக்கியங்களில் அது ஒன்றாக இருந்தது. கார்த்திகையில் ஒரே ஒரு வாரம் மட்டும் மீண்டும் ‘இஃப் ஐ ஏட்’ என்று இருந்தது. நான் சிவப்பு மையை எடுக்கவில்லை. ஓய்வு வேளையில் அவளை அழைத்துக் கேட்டேன். தாய் காய்ச்சலில் படுத்திருந்தார்.