கல்லீரலுக்கு வேண்டியது சில நாள் அவகாசம்

காமாலையோடு வந்தவர் நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டால் தடுமாறுகிறார். இரண்டு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொல்கிறார் மருத்துவர். ஒரு விநாடி நிற்கிற கை சட்டென்று தொய்கிறது, நிமிர்கிறது, மறுபடி தொய்கிறது. ரத்தம் உறைவதைக் கணிக்கும் ஐ.என்.ஆர். அளவும் 1.5-ஐத் தொட்டுவிட்டால், இது சாதாரணக் காமாலை அல்ல. அதுவரை நன்றாக இருந்த கல்லீரல் சில நாட்களிலோ வாரங்களிலோ கைவிட்டுவிடும் தீவிரச் செயலிழப்பு.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கு முதல் காரணம் அளவுக்கு மீறிய பாராசிட்டமால். இந்தியாவில் ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ்கள், காசநோய் மாத்திரைகள். தமிழ்நாட்டில் கூடவே எலி பேஸ்ட்.

சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் இருக்கிறதே, கல்லீரலுக்கு இல்லையா என்று உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அம்மோனியா போல நீரில் கரைபவற்றை டயாலிசிஸ் எடுத்துவிடும். இன்றும் அது உதவுகிறது. ஆனால் கல்லீரல் கழிக்க வேண்டிய நச்சுகளில் பல, ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. டயாலிசிஸ் வடிகட்டியில் அவை சிக்காது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 1970களில் ரத்தத்தைக் கரி வழியே செலுத்திப் பார்த்தார்கள். பலர் பிழைத்தார்கள், நம்பிக்கை பிறந்தது. 1988-இல் வெளியான முறையான ஒப்பீட்டு ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது: கரி சிகிச்சை இல்லாமலே அதே அளவுக்குப் பிழைத்திருந்தார்கள். ஜெர்மனியின் ராஸ்டாக் நகரில் 1990களில் உருவான ‘மார்ஸ்’ கருவி, ஆல்புமினை வைத்தே நச்சை இழுப்பது. 102 பேரிடம் நடந்த பிரெஞ்சு ஆய்வு 2013-இல் வெளியானபோது, உயிர்பிழைப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பலருக்கு ஒரு நாளுக்குள்ளேயே மாற்றுக் கல்லீரல் கிடைத்துவிட்டதால் கருவியின் பலனை அளக்கவும் வழியில்லாமல் போனது.

கடைசியில் கைகொடுத்தது, பல பெரிய மருத்துவமனைகளில் ஏற்கெனவே வேறு நோய்களுக்குப் பயன்படும் பிளாஸ்மா மாற்று சிகிச்சை. நோயாளியின் ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போகிறது. அணுக்கள் உடலுக்குத் திரும்ப, அடர் மஞ்சள் பிளாஸ்மா கழிவுப் பையில் சேர்கிறது. ஈடாக, ரத்த வங்கியில் உறைய வைத்திருந்த தானப் பிளாஸ்மாவை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்கி ஏற்றுகிறார்கள். நச்சும், உடலெங்கும் அழற்சியைத் தூண்டும் பொருட்களும் வெளியேற, ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் உள்ளே வருகின்றன. 182 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வு 2016-இல் வெளியானது. தினம் 8 முதல் 12 லிட்டர் என மூன்று நாள் மாற்றியவர்களில் 58.7 சதவீதத்தினர் பிழைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 47.8. மாற்று அறுவை சிகிச்சை கிடைக்காதவர்களுக்கே பலன் அதிகம். நம் நாட்டில் இது முக்கியமான செய்தி. அவசரத்துக்கு மாற்றுக் கல்லீரல் இங்கே எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் எலி பேஸ்ட் நோயாளிகளுக்கு இன்னும் குறைந்த அளவில், ஒரு முறைக்கு உடலின் பிளாஸ்மாவில் ஏறக்குறைய பாதியை மாற்றும் முறையைக் கையாண்டு, நல்ல பலனைப் பதிவு செய்திருக்கிறார்கள். குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வு அல்ல என்றாலும், செலவும் பிளாஸ்மா தேவையும் குறைவு என்பதால் அரசு மருத்துவக் கல்லூரிகள் இதை அக்கறையோடு பார்க்க வேண்டும்.

எலி பேஸ்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் ஆளை ஏமாற்றும். முதல் ஓரிரு நாள் வாந்தி, வயிற்றுவலி தணிந்து நோயாளி தேறிவிட்டதுபோல் தெரிவார். வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். கல்லீரல் அதன் பிறகுதான் சரியத் தொடங்கும். தமிழக அரசு இதன் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. வீட்டில் பழையது இருந்தால் பிள்ளைகள் பற்பசை என்று எடுத்துவிடும் முன் அப்புறப்படுத்துங்கள். வாயில் பட்டது தெரிந்தால், நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மனம் உடைந்து நிற்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம். காமாலையோடு குழப்பமோ, அசாதாரணத் தூக்கமோ தெரிந்தால் கீழாநெல்லிக்கும் மந்திரிப்புக்கும் ஒரு நாளைக்கூடச் செலவிடாதீர்கள். கல்லீரல் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அன்றே கொண்டுசெல்லுங்கள்.