காதுவலியா? தாடையையும் கவனியுங்கள்!

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்குப் பஸ்சில் போனவர்களுக்குத் தெரியும். மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள்! மேலே ஏற ஏறக் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால், "டப்" என்று திறந்துகொள்ளும். காற்றின் அழுத்தம் மாறுவதால் வருவது அது.

ஆனால், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் காதோரம் "டக், டக்" என்று கேட்டால்? அது பெரும்பாலும் காது அல்ல, தாடை மூட்டு!

மூட்டு எங்கே?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். ஏதோ அசைகிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு. அதற்குள் மெத்தை போல ஒரு சிறு தட்டு இருக்கிறது. அது இடம் விட்டு நழுவினால் சத்தம் வரும். மூட்டு காதை ஒட்டி இருப்பதால், அதில் வரும் வலி காதுவலி போலவே தோன்றும். அதற்காகக் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது தவறு.

எத்தனை பேருக்கு?

வயதானவர்களுக்குத்தான் மூட்டுக் கோளாறு என்று நினைக்கிறோம். அப்படி அல்ல! பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ஒரு கணக்கு வெளியானது. சிறுவர் சிறுமியரில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்குத் தாடை மூட்டில் ஏதாவது ஓர் அறிகுறி இருந்தது.

வலி எல்லோருக்கும் வருவதில்லை. ஸ்வீடன் நாட்டின் ஒரு மாவட்டத்தில், 12 முதல் 19 வயது வரை உள்ள 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2000-ம் ஆண்டில் கேட்டார்கள். வாரம் ஒரு முறையாவது வலி வருவதாகச் சொன்னவர்கள் 100-க்கு 4 பேர். பெண்களில் 6 பேர். ஆண்களில் 3 பேருக்கும் குறைவு.

வீட்டிலேயே செய்யலாம்

ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப் ஏறும் தாய்க்கு, ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே, எப்போது போக வேண்டும், எப்போது வேண்டாம் என்று தெரிந்திருப்பது நல்லது.

சத்தம் மட்டும் கேட்கிறது, வலி இல்லை என்றால் கவலை வேண்டாம். லேசான வலி என்றால், சில நாட்கள் குழைந்த சோறு, இட்லி கொடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். பரீட்சைக் கவலையில் பல்லைக் கடிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைத் திட்டாமல் தேற்றுங்கள்.

எப்போது டாக்டர்?

நடு மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வைக்கும் அளவுக்கு வாய் திறக்க வேண்டும். திறக்கவில்லையா? திறந்த வாய் மூட மறுக்கிறதா? வீக்கம், காய்ச்சல் இருக்கிறதா? வலி வாரக்கணக்கில் நீடிக்கிறதா? கீழே விழுந்து மோவாயில் அடிபட்டதா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அடிபட்ட மூட்டைக் கவனிக்காவிட்டால், அது இறுகி, வாயே திறக்காமல் போகலாம். பாக்கு மெல்லும் பழக்கத்தாலும் வாய் இறுகும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

போடி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. தேனி அருகே கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளது.

"காது வலிக்குதம்மா" என்று பிள்ளை சொன்னால், "வாயைத் திற, பார்க்கலாம்" என்றும் சொல்லிப் பாருங்கள்!