சிறுநீரகம் பழுதுற்றால்…

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் முன்னோர். அச்செல்வத்தின் அருமை, அது கைநழுவிய பின்னரே பலருக்கும் புரிகிறது. கோவளம் கடற்கரையில் நாற்பது ஆண்டுகள் மீன்பிடித்த என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். நீரிழிவைப் பொருட்படுத்தாமலும், உடல்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியும் வந்த அவருடைய இரு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. இனி என்ன வழி என்று வீட்டார் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றும் கைமுட்டியளவே உள்ள உறுப்பு. அதனுள் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிப்பான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, தேவையானதை மீண்டும் இரத்தத்தில் சேர்த்து, ஒன்றரை லிட்டர் அளவைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வேலை நின்றால் கழிவும் நீரும் உடலில் தேங்கும். அப்போது மருத்துவம் காட்டும் வழிகள் நான்கு.

முதலாவது, மருந்தும் பத்தியமும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி, உப்பைக் குறைத்தால் நோயின் வேகத்தைத் தணிக்கலாம். கருவாடின்றிச் சோறிறங்காத எங்கள் ஊரில் இது எளிதன்று. நோய் முற்றியவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்த இளநீரும் ஆகாது. முதுமையாலும் பிற நோய்களாலும் தளர்ந்த சிலர், வேறு சிகிச்சை வேண்டாமென்று, துன்பம் தணிக்கும் மருத்துவத்தோடு இவ்வழியிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

இரண்டாவது, இயந்திர டயாலிசிஸ். 1943-ல் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் கோல்ஃப், செல்லோபேன் குழாயைக் கொண்டு செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை அமைத்தார். அதன் வழிவந்த இயந்திரத்தில் இன்று வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இரத்தம் சுத்தமாகிறது. இதற்கெனக் கையில் நாளத்தையும் தமனியையும் இணைத்துவைப்பர். அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இது கிடைக்கிறது.

மூன்றாவது, வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றில் பொருத்திய குழாய் வழியே சுமார் இரண்டு லிட்டர் திரவத்தைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வடித்துவிடுவர். பொதுவாக நாளுக்கு நான்கு முறை வீட்டிலேயே செய்யலாம். தூய்மை தவறினால் வயிற்றில் தொற்று ஏற்படும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இத்திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. வாரம் மூன்று நாள் பேருந்தேற வேண்டியதில்லை என்பதால் பெரியப்பா இதனையே தேர்ந்தெடுத்தார்.

நான்காவது, மாற்றுச் சிறுநீரகம். 1954-ல் பாஸ்டன் நகரில் இரட்டையர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார் ஜோசப் மர்ரே. 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தியாவில் இதனை நிகழ்த்திக் காட்டியது. பொருத்திய பின்னும், உடல் அதனை ஏற்க வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். ஏழைகள் சிறுநீரகத்தை விற்கும் கொடுமையைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது.

பெரியம்மா தம் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். அவருக்கும் நீரிழிவு என்பதால் மருத்துவர்கள் ஏற்கவில்லை. இப்போது மூளைச்சாவுற்றோரின் கொடைக்காகப் பெயர் பதிந்து காத்திருக்கிறோம்.

அக்கொடைக்கு வழிகாட்டிய ஊர் நமக்குத் தெற்கேயுள்ள திருக்கழுக்குன்றமே. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவுற்ற ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானமளித்தனர். அதன்பின் தமிழகத்தில் இக்கொடை ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 2023 முதல் கொடையாளருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெறுகிறது.

மாணவத் தோழர்களே! வீட்டிலுள்ள பெரியவர்களின் சர்க்கரையையும், இரத்த அழுத்தத்தையும், சிறுநீரையும், இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் ஆண்டுக்கொருமுறை சோதிக்கச் செய்யுங்கள். வலி மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் வாங்கித் தராதீர்கள். உறுப்புக் கொடை பற்றி வீட்டில் பேசுங்கள். நாம் பேசும் அந்தப் பேச்சுக்காகவே எங்கோ ஒரு பெரியப்பா காத்திருக்கக்கூடும்.