குதிரைகளுக்கு வரும் சர்ரா நோய்

தீர்த்தமலைப் பக்கத்துச் சங்க அங்கத்தினர்களில் குதிரை வைத்திருப்போர் ஒரு குறியை முக்கியமாய்க் கவனித்தல் வேண்டும். விட்டுவிட்டு ஜுரம் கண்டு, நன்றாய்த் தீனி தின்றும் குதிரை நாளுக்கு நாள் மெலிந்து, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் காணுமாயின், அது சர்ரா என்னும் நோயாயிருக்கலாம். 1880-ல், அந்நாளைய பஞ்சாபிலிருந்த டேரா இஸ்மாயில்கானில், கிரிப்பித் எவன்ஸ் என்னும் மிருக வைத்தியர் இதன் கிருமியைக் குதிரை இரத்தத்தில் கண்டறிந்தார்.

ஒரு பிராணியின் இரத்தத்தைக் குடித்த கடி ஈ மற்றொன்றைக் கடிக்கும்போது நோய் பரவுகிறது. மாடுகள் வெளிக்குறி இன்றியே கிருமியைத் தாங்கியிருக்கலாம். ஆகையால் குதிரையை மாட்டுக் கொட்டிலில் கட்டலாகாது. ஈ மொய்க்கும் பகல்வேளையில் லாயத்தில் கட்டிப் புகை மூட்டுக. சாணத்தையும் தேங்கு நீரையும் அகற்றுக.

குறி கண்டவுடன் குதிரையைப் பிரித்துக் கட்டி, மிருக வைத்தியரைக் கொண்டு இரத்தத்தைச் சோதிக்கச் செய்க. சிகிச்சை பெறாத குதிரை பெரும்பாலும் பிழைப்பதில்லை. வெறும் மெலிவென்றெண்ணித் தீனியை மட்டும் கூட்டிக் காலங்கழித்தால், குதிரை போம். அதை வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.