முனகும் குழந்தையும் நீர்க்குமிழ்களும்

ஒரு குவளை நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுகுழலின் நுனியைச் சற்றே நீருக்குள் விட்டு ஊதுங்கள். குமிழ்கள் எளிதாக வரும். இப்போது குழலை அடிவரை இறக்கி ஊதுங்கள். சிரமமாக இருக்கிறதா? நுனிக்கு மேலே இருக்கும் நீரின் அழுத்தத்தை உங்கள் மூச்சு வெல்ல வேண்டும். ஆழம் கூடினால் அழுத்தமும் கூடும்.

குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் திணறும் குழந்தைகளை மருத்துவமனைகளில் காப்பாற்றுவது இதே விதிதான்.

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் உட்புறம் ஈரமானது. நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நுண்ணறைகளையும் நீரின் பரப்பு இழுவிசை அப்படித்தான் சுருக்கி மூடப் பார்க்கும். அதைத் தடுக்க நுரையீரல் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரக்கிறது. சவர்க்காரம் போல இது இழுவிசையைக் குறைக்கும். ஆனால் கருவின் கடைசி வாரங்களில்தான் இது போதிய அளவு சேரும். முந்திப் பிறந்த குழந்தைக்கோ ஒவ்வொரு முறை மூச்சுவிடும்போதும் நுண்ணறைகள் மூடிக்கொள்கின்றன. புதுப் பலூனை ஊதும்போது முதல் ஊதல்தான் கடினம். அந்த முதல் ஊதலை நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் செய்தால் யாருக்குத்தான் களைப்பு வராது?

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ. 39 மணி நேரத்தில் இந்த நோயால் இறந்தான். அதிபரின் பிள்ளைக்கே அன்று தகுந்த சிகிச்சை இல்லை.

வழியைக் காட்டியவை குழந்தைகளே. இக்குழந்தைகள் மூச்சை வெளியிடும்போது முனகும். அது வலியால் வரும் ஒலி அன்று. குரல்நாண்களைப் பாதி மூடி, காற்று முழுதும் வெளியேறாமல் பிடித்து வைக்கிறது குழந்தை. அப்போது நுண்ணறைகள் திறந்தே இருக்கும். தொண்டைக்குள் குழாயை விட்டால் முனக முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவர் ஜார்ஜ் கிரிகரி, முனகலின் வேலையைக் கருவி செய்யுமாறு மூச்சுக் காற்றில் இடைவிடாத அழுத்தத்தைக் கொடுத்தார். 1971இல் வெளியான அவரது கட்டுரையில், 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தனர். அப்போது பெரும்பாலும் தொண்டைக் குழாய் வழியேதான் அழுத்தம் தரப்பட்டது. பின்னர் மூக்கு வழியே தந்தால் போதும் என்று ஆனது.

இன்றைய குமிழ் சீபேப் கருவி மிக எளிமையானது. சூடாக்கி ஈரப்படுத்திய காற்றும் ஆக்சிஜனும் சிறு குழாய்களில் குழந்தையின் மூக்குக்குப் போகும். வெளியேறும் குழாயின் நுனி நீர்க்குப்பியில் மூழ்கியிருக்கும். 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால், நுரையீரலுக்கு 5 சென்டிமீட்டர் நீரின் அழுத்தம். மூச்சை இழுப்பதும் விடுவதும் குழந்தையேதான். கருவி கதவு மூடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆனால் அழுத்தம் மிகுந்தால் நுரையீரலிலிருந்து காற்று கசியலாம். குழாய் உரசி மூக்கும் புண்ணாகலாம். சில குழந்தைகளுக்கு இது போதாமல் செயற்கை சுவாசக் கருவியும் தேவைப்படும்.

அதனால் தாதியர் அடிக்கடி அந்தக் குப்பியைப் பார்ப்பார்கள். குமிழ்கள் நின்றுவிட்டால், எங்கோ காற்று கசிகிறது. மூக்குக் குழாய் நழுவியிருக்கலாம், அல்லது குழந்தை வாயைத் திறந்திருக்கலாம்.