பெற்று என்னிடம் கொடு என்றேன்



கருக்கலைப்பு சரியா, தவறா என்று இந்தப் பகுதியில் தோழிகள் எழுதிய கடிதங்களைப் படித்து வருகிறேன். பாவம் என்கிறார்கள் சிலர். அவரவர் இஷ்டம் என்கிறார்கள் சிலர். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு என்று இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

எனக்கு வயது 37. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். இரண்டு தடவை தங்கியது, இரண்டும் நிற்கவில்லை. ஒன்று இரண்டாம் மாதத்தில், இன்னொன்று நாலாம் மாதத்தில். பழனிக்குப் பாதயாத்திரை போனேன், போகாத டாக்டர் இல்லை. அப்படிப்பட்டவள் காதில் யாராவது "கலைச்சுட்டேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? வயிறு எரியும். 'இல்லாதவளுக்குக் கொடுக்காமல் வேண்டாதவளுக்குக் கொடுக்கிறானே கடவுள்' என்று அழுவேன். கருக்கலைப்பு பற்றி எனக்கு இருந்த கருத்து அவ்வளவுதான்.

2019-ம் வருஷம் ஆனி மாதம் ஒரு மத்தியானம் என் தங்கச்சி வந்து நின்றாள். அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு மூன்று வயது, சின்னவளுக்குப் பத்து மாதம். இரண்டும் சிசேரியன். மாப்பிள்ளைக்கு பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. இவள் டெக்ஸ் கம்பெனியில் தையலுக்குப் போய்க்கொண்டிருந்து, சின்னவள் பிறந்ததும் நின்றுவிட்டவள்.

"அக்கா, எனக்கு நாள் தள்ளிப் போச்சு. டெஸ்ட் பண்ணிட்டேன். என்னால முடியாதுக்கா. நீ கூட வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

பால் கொடுக்கிற வரை தங்காது என்று அம்மா சொன்னதை நம்பியிருந்தாள். (தோழிகளே, இதை நம்பி ஏமாறாதீர்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, வீட்டுக்கு விலக்காவதும் திரும்பாமல் இருந்தால்தான் அது ஓரளவு காப்பாற்றும் என்று நர்சம்மா சொன்னார்.)

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்தேன். "கலைக்காதடி. பெத்து எங்கிட்ட குடுத்துரு. பத்து மாசம்தானே? செலவு பூரா நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அவள் காலைக்கூடப் பிடித்தேன். அவள் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "அந்தப் பத்து மாசத்தை யாருக்கா சுமக்கறது?" என்று கேட்டுவிட்டு, போட்ட டீயைக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டாள்.

மிச்சமெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் பப்பாளிக்காய், எள்ளு, கருப்பட்டி என்று தின்று பார்த்திருக்கிறாள். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனால், புருஷன் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை, அம்மா பேச்சைத் தட்டாதவர். அவள் மாமியார், "கருவைக் கலைச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்றாராம். அதே வாயால், "மூணு மாசம் போகட்டும். ஸ்கேன்ல பையனான்னு யாரையாச்சும் பிடிச்சுத் தெரிஞ்சுக்கலாம். பையன்னா இருக்கட்டும்" என்றும் சொன்னாராம். பெண்ணாக இருந்தால் என்ன செய்வதென்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்படியே ஒரு வாரம் போயிருக்கிறது. கடைசியில் டெக்ஸில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, அங்கே இருந்த லேடி டாக்டர் தங்கச்சியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு செய்துவிட்டார்.

என் தங்கச்சிக்குத் துணையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தது யாரோ ஒரு பெண், நான் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. என் பிள்ளையை அவள் கொன்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். நாலு வருஷம் அவளோடு பேசவில்லை. விசேஷங்களில் பார்த்தால் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

2023 அக்டோபரில் பேப்பரில் ஒரு வழக்கு வந்ததே, தோழிகளுக்கு ஞாபகம் இருக்கும். 27 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். பிரசவத்துக்குப் பிந்தின மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவள். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மூன்றாவது தங்கியதே தெரியவில்லை. தெரிந்தபோது 24 வார வரம்பு தாண்டிவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் கலைக்க அனுமதி கொடுத்தது. பிறகு குழந்தை உயிரோடு பிறக்க வாய்ப்பிருக்கிறது என்று எய்ம்ஸ் டாக்டர் எழுதிக் கேட்டார். 11-ந் தேதி இரண்டு பெண் நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார் ஹிமா கோலி. அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார் நாகரத்னா. 16-ந் தேதி மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, 26 வாரம் தாண்டிவிட்டது, கலைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிரசவச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், வேண்டாமென்றால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்றும் இருந்தது.

அந்த இடத்தைப் படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். 'செலவை நாங்க பாத்துக்கறோம், பெத்துக் குடுத்துரு.' நான் சொன்னதேதான்! 26 வாரத்தில் எது நியாயம் என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனசுதான். படித்த பெரியவர்களே பிரிந்து நின்றார்கள். ஆனால் என் தங்கச்சிக்கு ஒன்பது வாரம்கூட நிறையவில்லை. இரண்டு தரம் கிழித்துத் தைத்த வயிறு. இடுப்பில் பால்குடிப் பிள்ளை. அவளிடம் "உனக்கு எப்படி இருக்கு?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் யோசித்தேன். எனக்கு நாலாம் மாதத்தில் போனபோது, உள்ளே தங்கிவிட்டால் விஷமாகிவிடும் என்று உடனே கிளீன் பண்ணினார்கள். அதனால்தான் பிழைத்தேன். 2012-ல் அயர்லாந்தில் நம் கர்நாடகத்துப் பெண் சவிதாவுக்கு அது கிடைக்கவில்லை. ஆசையாகச் சுமந்த பிள்ளைதான், பதினேழு வாரத்தில் கலைய ஆரம்பித்துவிட்டது. இதயத்துடிப்பு இருக்கும் வரை தொட மாட்டோம் என்றார்கள். ரத்தத்தில் விஷமேறி அவர் இறந்துபோனார். அந்த நாட்டு மக்கள் 2018-ல் ஓட்டுப் போட்டு அந்தத் தடையை எடுத்தார்கள். பிள்ளை வேண்டாம் என்கிறவளுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைத்திருந்த எனக்கு, வேண்டும் என்று தவிக்கிறவளுக்கும் அது தேவை என்று புரிந்தது.

எங்கள் மகளிர் குழுவுக்கு வந்த வக்கீலம்மாவிடம் கேட்டேன். 1971-லேயே சட்டம் வந்துவிட்டதாம். பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து கேட்கவே கூடாதாம். நினைத்தவுடன் செய்துகொள்ள முடியாது, சட்டம் சொல்கிற காரணம் இருக்கிறதென்று டாக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டர், சில காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதெல்லாம் தெரிந்திருந்தால் தங்கச்சிக்கு அந்த ஒரு வாரம் வீணாகியிருக்காது.

அப்படியானால் பெண் குழந்தை என்று தெரிந்து கலைக்கிறார்களே, அதையும் ஒத்துக்கொள்கிறாயா என்று என் வீட்டுக்காரர் மடக்கினார். உசிலம்பட்டிக் கள்ளிப்பால் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். 1992-ல் சேலத்தில் தொட்டில் வைத்ததும் இந்தக் கொடுமையால்தான். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது குற்றம் என்று 1994-லேயே சட்டம் போட்டாயிற்று, அது இருக்கவே வேண்டும். அந்த வீடுகளில் பெரும்பாலும் முடிவு செய்வது வயிற்றில் சுமப்பவளா? தங்கச்சி மாமியாரைப் போல யாரோ சொல்கிறார்கள், இவள் போய்ப் படுக்கிறாள். பெற்றுக்கொள் என்று கட்டாயப்படுத்துவதும் கலை என்று கட்டாயப்படுத்துவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. அவர் பதில் சொல்லாமல் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

வயிற்றில் இருப்பது உயிர்தான் என்ற எண்ணம் எனக்கு இன்னும் மாறவில்லை. இரண்டைத் தொலைத்தவளுக்கு அது மாறாது. ஆனால் அந்த உயிருக்காக இன்னொருத்தி உடம்பைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

அந்த வாரமே தங்கச்சிக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "அன்னைக்கு நான் கூட வந்திருக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நானும் கணக்கு வச்சிருக்கேன்க்கா" என்றாள். "இருந்திருந்தா வர்ற தையோட நாலு வயசு. செஞ்சது தப்புன்னு எனக்குத் தோணல. ஆனா கணக்கு மட்டும் மறக்க மாட்டேங்குது."

நான் என்ன சொல்வது? "பிள்ளைகளை லீவுக்கு அனுப்பேன்" என்றேன். அரையாண்டு லீவுக்கு இரண்டு பேரும் வந்து பத்து நாள் இருந்தார்கள். சின்னவளுக்கு நெய் ஊற்றினால்தான் சோறு இறங்குகிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கரூர் மாவட்டம்.