உங்களுக்குத் தெரியுமா? தீவுத்திடல் பந்தயமும் வடசென்னைச் சாலைகளும்

● சென்னை கார் பந்தயம் என்றால் இன்றைக்குத் தீவுத்திடல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் இந்த ஊரின் பந்தயக் கதை தொடங்கியது வடக்கே, செங்குன்றம் தாண்டிய சோழவரத்தில். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு காரும் பைக்கும் வந்தன. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். தடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே பெரிய தடுப்பு இருக்காது. பின்னர் கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடத்தைத் திறந்தது.

● எம்.ஆர்.எஃப். என்றால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் அதன் ஆரம்பம். இந்திய மோட்டார் பந்தயத்துக்கு டயரும் பணமும் கொடுத்து வளர்த்ததில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா புல்லட்டைத் தயாரித்ததும் திருவொற்றியூரில்தான். லாரி, பைக், டயர் மூன்றும் ஒரே கடற்கரைச் சாலையில். நாட்டின் மோட்டார் தொழிலுக்குத் தோள் கொடுத்த ஊர் என்று வடசென்னையைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

● தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் கார் பந்தயம் அறிவிக்கப்பட்டது 2023 ஆகஸ்டில். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் பிரைவேட் லிமிடெட் என்ற தனியார் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டன. தடத்தின் நீளம் 3.5 கிலோமீட்டர், திருப்பங்கள் 19. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் தினமும் பஸ்ஸில் போகிற வழிகள். டிசம்பர் 9, 10 என்று நாளும் குறித்தார்கள்.

● பொதுச்சாலையில் வேகப்போட்டி நடத்துவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே பிரிவில், மாநில அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் நடத்தினால் என்றுதான் இருக்கிறது. சம்மதம் இருந்தால் அது விளையாட்டு விழா. நள்ளிரவில் காலிச் சாலையில் பைக்கை முறுக்கும் பையனையும் தீவுத்திடலில் ஹெல்மெட்டோடு காரில் உட்காரும் வீரனையும் பிரிப்பது அரசின் ஒரு கடிதமும், அதோடு வரவேண்டிய பாதுகாப்பு ஏற்பாடும்தான். தீவுத்திடல் பந்தயத்தை எதிர்த்துப் போட்ட வழக்குகளில் அந்தப் பாதுகாப்பைப் பற்றித்தான் மனுதாரர்கள் கேட்டார்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் ஓமந்தூரார் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கின்றன. சத்தம் நோயாளியைப் பாதிக்காதா, சாலையை அடைத்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்ற கேள்விகள் நியாயமானவை. ராயபுரம், காசிமேடு ஜனங்களுக்கு அவசரம் என்றால் ஓடுகிற பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று அந்த ஜி.எச்.

● டிசம்பர் பந்தயத்தைத் தள்ளிவைக்க வைத்தது மிக்ஜாம் புயல். அதே புயல் வெள்ளத்தில்தான் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தது. எண்ணூர் மீனவர்கள் வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு படகிலிருந்தே எண்ணெயை அள்ளினார்கள். முழங்கை வரை கருப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாத கருப்பு. படகின் அடிப்பலகையில், வலையின் கண்ணிகளில், அலையாத்திச் செடிகளின் வேரில் எல்லாம் அது ஒட்டிக்கொண்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கும் படகுகளுக்கும் அரசு அறிவித்த நிவாரணம் மொத்தம் 8.68 கோடி ரூபாய். பந்தயத்துக்காக அரசு செலவிட்டதாக நீதிமன்றத்தில் பேசப்பட்ட தொகை 42 கோடி. இரண்டும் வேறு வேறு துறையின் கணக்கு என்று சொல்வார்கள். எண்ணூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒரே மாதத்துச் செய்தி.

● அந்த 42 கோடிக்கும் தனி வரலாறு உண்டு. 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆர்.மகாதேவன், முகமது ஷஃபீக் அமர்வு பந்தயத்தை அனுமதித்தது. சத்தத்தைக் குறைக்க வேண்டும், அரசு செலவு செய்த பணத்தை அந்தத் தனியார் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் நிபந்தனையும் போட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவை ரத்து செய்தது. அரசும் தனியாரும் சேர்ந்து விளையாட்டு நடத்துவது கொள்கை முடிவு, அதில் நீதிமன்றம் இந்த அளவுக்குப் போகத் தேவையில்லை என்பது அதன் பார்வை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் செலவுக் கணக்கைக் கேட்கும் பொறுப்பு சட்டமன்றத்துக்கும் நமக்கும்தான் வருகிறது.

● அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியின் கேள்வி நேரடியானது: இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கும்போது நகரத்துக்கு நடுவே எதற்கு? இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரர் நரேன் கார்த்திகேயனும் அவருக்குப் பின் வந்த கருண் சந்தோக்கும் ஓட்டிப் பழகிய தடம் அது. டிக்கெட் வாங்கி அவ்வளவு தூரம் போக முடியாத ஜனங்களுக்குப் பந்தயத்தை அருகில் கொண்டுவருவது நல்ல விஷயம் என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

● தள்ளிவைத்த பந்தயம் தொடங்க வேண்டிய 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நாள் முழுக்க எல்லோரும் ஒரு சான்றிதழுக்காகக் காத்திருந்தார்கள். சர்வதேச வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. தடத்தைப் பார்த்துச் சான்று தந்தால்தான் கார் ஓடலாம். அது பகல் 12 மணிக்குள் வரவேண்டும் என்றது உயர் நீதிமன்றம். வரவில்லை. மழையும் சேர்ந்துகொண்டது. அவகாசம் இரவு 8 மணி வரை நீண்டது. மாலையில்தான் சான்று வந்தது. சாலைத் தடத்துக்கு இப்படிக் கடைசி நேரத்தில் சான்று வருவதற்குக் காரணம் உண்டு. கான்கிரீட் தடுப்பு, கம்பி வலை, டயர் அடுக்கு எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகுதான் ஆய்வாளர் நடந்து பார்க்க முடியும். முன்கூட்டியே போட்டால் ஊர் நின்றுபோகும்.

● தெருவில் பந்தயம் நடத்தும் ஊர்களில் பாதாளச் சாக்கடை மூடிகளை வெல்டிங் வைத்து இறுக்குவார்கள். கார் தரையோடு ஒட்டி ஓடும்போது அடியில் உண்டாகும் உறிஞ்சலில் இரும்பு மூடியே எழும்பிவிடும். 2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் சாலை மூடி ஒன்று பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியின் அடிப்பாகத்தைக் கிழித்தது. பயிற்சி ஓட்டம் சில நிமிடங்களிலேயே நின்றது.

● தீவுத்திடல் தடத்துக்குள் நாய் ஒன்று புகுந்து பந்தயம் தடைபட்டது. 2011-இல் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் நடந்த முதல் ஃபார்முலா 1 வார இறுதியிலும் பயிற்சியை நிறுத்தியது ஒரு நாய்தான்.

● சென்னைக்கு முன்பே ஐதராபாத்தில் 2023 பிப்ரவரி 11-இல் ஹுசைன் சாகர் கரையில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. அந்த ஆண்டு இறுதியில் தெலங்கானாவில் ஆட்சி மாறியது. அடுத்த பந்தயம் ரத்தானது. அதற்குக் கொடுத்த பணம் குறித்து முன்னாள் அமைச்சர் கே.டி.ராமா ராவ் மீது ஊழல் தடுப்புப் பிரிவு 2024 டிசம்பரில் வழக்குப் போட்டது. தவறு எதுவும் நடக்கவில்லை என்பது அவர் தரப்பு.

● பந்தயக் கார் பறந்த நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாலையின் கதை இருக்கிறது. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு மேம்பாலச் சாலை போட 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-இல் கூவத்தின் நீரோட்டம் தடைபடும் என்று சொல்லி அன்றைய மாநில அரசு வேலையை நிறுத்தியது. பாதியில் விட்ட தூண்கள் பல ஆண்டுகள் கூவத்தில் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இப்போது அது இரண்டு அடுக்குத் திட்டம், சுமார் 20.5 கிலோமீட்டர்.

வடக்கே எண்ணூர், மணலிச் சாலைகளை அகலப்படுத்தும் 30 கிலோமீட்டர் திட்டமும் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. பந்தயத் தடமோ அறிவித்த ஓராண்டில், புயலையும் வழக்கையும் தாண்டித் தயாரானது. அதற்குக் கிடைத்த அவசரத்தில் பாதியாவது துறைமுகச் சாலைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது இங்கே வடசென்னையில் குடியிருக்கும் ஒவ்வொருவரின் ஆதங்கம். எனக்கும்தான்.

துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகிற வரிசை நீண்டுவிட்டால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரைவரும் கிளீனரும் டிரெய்லருக்கு அடியிலேயே ஸ்டவ்வைப் பற்ற வைப்பார்கள். இரண்டு சக்கரத்துக்கு நடுவே குக்கர், அச்சில் தொங்கும் துவைத்த லுங்கி, தலைமாட்டில் தண்ணீர் கேன். ஸ்கூட்டரில் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் அம்மா, ஓரமாக நிற்கும் நாற்பதடிக் கண்டெய்னருக்கும் நகர்கிற கண்டெய்னருக்கும் இடையில் ஒரு கை அகல இடைவெளி பார்த்து, காலை ஊன்றி ஊன்றி நுழைகிறாள்.